இரண்டாவது லேப்டாப்புக்கு 380 வெள்ளி வாங்கிவிட்டான், நீங்களாவது உஷாராக இருங்கள்

இன்னும் கை நடுங்குகிறது, அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம்.

மகளுக்கு எஸ்.பி.எம் பரீட்சை வருடம் என்று இன்னொரு லேப்டாப் வாங்கினோம், வீட்டு வைஃபையில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டுக்கு வந்தவன் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தான், அப்பா படத்தைப் பார்த்தான், "அக்கா, இவரும் எங்கப்பாவும் ஒரே எஸ்டேட் டிவிஷன்ல ரப்பர் பால் வெட்டினவங்க" என்றான். அதற்கப்புறம் அவன் சொன்னதில் எதைச் சந்தேகப்படுவது? "உங்க லைன்ல ஒரு லேப்டாப்புக்குத்தான் பதிவு இருக்கு, ரெண்டாவதுக்கு ரெஜிஸ்டர் பண்ணணும், வைஃபை சிக்னலைக் கூட்டுற பூஸ்டரும் போடணும், 380 வெள்ளி, நம்ம ஆளுங்கன்னுதான் இந்த விலை." கொடுத்தோம். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே சொல்.

நேற்று பாலிடெக்னிக்கில் படிக்கிற அக்கா மகன் வந்து அந்தப் பூஸ்டரைப் பிடுங்கிக் காட்டினான். லேப்டாப் பாட்டுக்கு ஓடுகிறது! மோடத்தோடு நேராகத்தான் இணைந்திருக்கிறது, டப்பா சும்மா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதிவு என்று ஒன்றும் கிடையாதாம். மோடத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை அடித்தால் முடிந்தது, அது சரிப்படாவிட்டால் பின்னால் இருக்கும் ஓட்டையில் கேபிளைச் செருகினால் போதும். இதற்கு 380 வெள்ளி.

கடைக்குப் போனால் "பாஸ் ஈப்போ போயிட்டாரு". வாட்ஸ்அப் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மறுபடி போய் நின்றால் அதே ஆள், அப்பா படத்தைப் பார்த்து உருகிய அதே ஆள், "போட்ட சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்கா" என்று போனை நோண்டிக்கொண்டே சொல்கிறான். 380 வெள்ளி அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போலிருக்கிறது.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஆளைக் கூப்பிடுவதற்கு முன் மோடத்தைத் திருப்பிப் பாருங்கள். கூடுதல் லேப்டாப்புக்குக் கட்டணம் என்றால் இன்டர்நெட் கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள். பில்லில் என்ன வேலை, என்ன சாமான் என்று எழுதச் சொல்லுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. பாரத்தை இன்று ராத்திரியே நிரப்பப் போகிறேன், அந்த டப்பாவையும் பில்லையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.