பழைய எபிரேய நூல் யாருடையது: முத்திரையைப் பார்ப்பதா, கையெழுத்தைப் பார்ப்பதா?

பழைய எபிரேய வேதநூலோ ஜெபநூலோ முன்பு யாரிடம் இருந்தது என்று தேடினால், பெரும்பாலும் இரண்டு தடயங்கள்தான் கிடைக்கும்: நூலக முத்திரை, கையால் எழுதிய பெயர்.

முத்திரை வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். நாஜிகள் கொள்ளையடித்த புத்தகங்களை 1946-இல் ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரக் கிடங்கில் அமெரிக்க ராணுவம் பிரித்தபோது, முத்திரைகளைப் படமெடுத்து வைத்து, முத்திரையிலுள்ள மொழி தெரியாத ஊழியர்கள்கூட உருவத்தைப் பார்த்தே அடையாளம் காணும்படி செய்தார்கள்.

கையெழுத்து அப்படியில்லை. முதல் தாளில் ‘பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது’ என்ற சங்கீத வரி, அப்புறம் இன்னார் மகன் இன்னார் என்று ஒரு பெயர், பல சமயம் ஊர்கூட இருக்காது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் யூதர்களுக்குக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய ஆணையே 1787-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஆளைப் பிடிப்பது பெரும்பாடு. ஆனாலும் என் ஓட்டு கையெழுத்துக்குத்தான். பிள்ளைகள் பிறந்த நாளைக்கூட சிலர் அதே தாளில் குறித்திருப்பார்கள், எந்த முத்திரையும் அதைச் சொல்லாது. இத்தாலியப் பிரதி என்றால் கடைசிப் பக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்காக நூலைச் சோதித்த தணிக்கையாளரின் கையெழுத்து இருக்கலாம், அவரை உரிமையாளர் என்று எண்ணிவிடாதீர்கள்.

முத்திரை உள்ள பிரதி என்றால், போரில் பறிபோன நூலகத்துடையதா என்று முதலில் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வாங்கவே வேண்டாம்.