ஒரு மில்லிஆம்பியரைப் பிடித்து நிறுத்துவது எது?

கூழ்ம வெள்ளி, அதாவது நுண்ணிய வெள்ளி கலந்த தண்ணீர், செய்யக் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி கரன்ட் விட வேண்டும். சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை பக்கம் போனால் சுத்த வெள்ளிக் கம்பி கிடைத்துவிடும். கொலுசு வெள்ளி மட்டும் வேண்டாம். செம்பும் சேர்ந்து தண்ணீரில் இறங்கும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பால் மாதிரி கலங்கிவிடும். இவற்றைச் சரிசெய்தபின் மிச்சமிருக்கும் தலைவலி கரன்ட்.

காய்ச்சி வடித்த தண்ணீர் முதலில் கரன்டை விடவே விடாது. வெள்ளி கரையக் கரைய வழிவிடும். வழிவிட்டதும் இன்னும் வேகமாகக் கரையும். அப்படியே விட்டால் கம்பியில் கறுப்புப் பஞ்சு தொங்கும்.

கரன்டைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர்தான் (மின்தடை) மலிவு. 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக்கி 10 கிலோஓம் போட்டால், கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும் 2.7 மில்லிஆம்பியரைத் தாண்டாது. ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே. நடுவில் கரன்ட் ஏறிக்கொண்டே போவதால் எவ்வளவு வெள்ளி இறங்கியது என்று கணக்குப் போட முடியாது. நிலையாக 1 மில்லிஆம்பியர் ஓடினால் ஃபாரடே விதிப்படி மணிக்குச் சுமார் 4 மில்லிகிராம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டுமானால் இரண்டரை மணி நேரம். எதிர்க் கம்பியில் படிவது போக மிச்சம்தான் தண்ணீரில்.

கரன்டை நிலையாக வைக்க எல்லோரும் கைகாட்டுவது எல்எம்317 என்ற ஐசி. 1250 ஓம் போட்டால் 1 மில்லிஆம்பியர் என்பது காகிதக் கணக்கு. அந்த ஐசி ஒழுங்காக நடக்கவே சில மில்லிஆம்பியர் கேட்கும். எல்இடி விளக்குக்குச் சரி, இதற்குச் சரிவராது.

என் ஓட்டு, சிறு கரன்டை நிலையாக வைக்கவென்றே உள்ள எல்எம்334 ஐசிக்கு. 1 மைக்ரோஆம்பியர் முதல் 10 மில்லிஆம்பியர் வரை அதன் சொந்த வீடு; 1 மில்லிஆம்பியருக்கு 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். எந்த ஐசியானாலும் தண்ணீர் கடத்தத் தொடங்கும்வரை பட்டினிதான். மீட்டர் 1 காட்டியபிறகே கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு குறை உண்டு: வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கரன்டும் 0.33 சதவீதம் ஏறும், இறங்கினால் இறங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் அளந்து வைத்ததை ஏற்காட்டு மார்கழிக்கு எடுத்துப்போனால், 25 டிகிரி வித்தியாசத்தில் 8 சதவீதம் குறையும். ஒரு டையோடும் இன்னொரு ரெசிஸ்டரும் சேர்த்தால் இது ஏறக்குறைய சரியாகிவிடும்.

செய்து பார்க்கலாம், குடிக்க வேண்டாம். வெள்ளி உடம்பில் தங்கித் தோல் நீலச்சாம்பல் நிறமானால் திரும்பாது. கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என 1999இலேயே அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்துவிட்டது.