தலைவரை யார் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாடும் கேரளமும்

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டுக் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு வாக்குச்சீட்டு. அதில் இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியா ஆட்டோவா என்றுதான் பார்த்துக் குத்த வேண்டும். கட்சி இல்லாத இடத்தில் சாதியும் பங்காளி உறவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 'நம்ம ஆளா?' என்பதே முதல் கேள்வி.

கேரளத்தில் வார்டு உறுப்பினரே கட்சிச் சின்னத்தில் நிற்கிறார். தலைவரை உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பான்மை போனால் பதவியும் போகும். நம் ஊர்த் தலைவருக்கு அந்தப் பயம் இல்லை, அவர் அஞ்ச வேண்டியது அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் உள்ள கலெக்டருக்கு!

ஆனால் உண்மையான வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தது கேரளம். 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் தவறவில்லை. இங்கே 2016இல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர்வரை இழுத்தது. அதுவரை தனி அலுவலர் ஆட்சி.

நேரடித் தேர்வு எனக்குப் பிடிக்கும். என்றாலும், கஜானா காலியாக இருக்கும் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்து என்ன செய்ய?