ஜூமில் பாட்டு வகுப்பு: சுருதி ஏன் காணாமல் போகிறது?

ஜூம் வழியாகக் கர்நாடக இசை சொல்லிக்கொடுப்பவர்களும் கற்பவர்களும் முதலில் சொல்லும் குறை ஒன்றுதான்: சுருதிப் பெட்டியின் சத்தம் எதிர்ப்பக்கம் போகவில்லை, நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பது) பாதியில் அமுங்கிவிடுகிறது. உடனே இணைய பிளானை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் தவறு இணையத்தில் இல்லை. ஜூமின் வழக்கமான ஆடியோ அமைப்பு பேச்சுக்கானது. ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி, ஏசி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். சுருதி தரும் தம்புராவும் சீராகத்தானே ஒலிக்கிறது! நீட்டிப் பிடித்த ஷட்ஜத்துக்கும் (‘ஸ’) அதே கதிதான்.

சரிசெய்வது எளிது. கணினியில் செட்டிங்ஸ், ஆடியோ பக்கத்துக்குப் போய் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே உள்ள ‘ஹை ஃபிடிலிட்டி மியூசிக் மோட்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள். மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மெல்லிய கமகமும் (ஸ்வர அசைவும்) உரத்த மேல் ஸ்தாயியும் ஒரே அளவில் போய்ச் சேரும். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே ஒரிஜினல் சவுண்ட் ‘ஆன்’ என்று காட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

இந்த அமைப்பு, நாம் அனுப்பும் ஒலியை மட்டுமே மாற்றும். ஆகவே ஆசிரியர் பக்கம் போட்டால் போதாது. மாணவர் பக்கம்தான் கட்டாயம் வேண்டும், கேட்டுத் திருத்த வேண்டியவர் ஆசிரியர் அல்லவா? மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) நொடிக்கு 96 கிலோபிட் வரை போகும், ஒலிக்கு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 43 எம்பி. நெட் தடுமாறினால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள், ஒலியில் கை வைக்காதீர்கள்.

ஹெட்போன் அவசியம், அதுவும் வயர் உள்ளது. எக்கோ நீக்கம் (எதிரொலியைத் தடுக்கும் வசதி) இல்லாத நிலையில் ஸ்பீக்கரில் வரும் ஆசிரியர் குரல் மாணவரின் மைக்கில் நுழைந்து ஆசிரியருக்கே திரும்பும். புளூடூத் ஹெட்செட் அதன் சொந்த மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பொதுவாக அழைப்பு முறைக்கு மாறிவிடும், மாதிரி வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்க, குரலின் மேல்பகுதி மழுங்கிவிடும், தாமதமும் கூடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

தாமதம் எந்த அமைப்பிலும் தீராது. ஒலி ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். பேச்சுக்கு அது உறுத்தாது. ஆனால் ஒலி காற்றில் அந்த நேரத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் போகும். இருவரும் அவ்வளவு தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். நொடிக்கு ஓர் அட்சரமாக (தாள எண்ணிக்கை) சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை மூன்றாம் காலத்தில், அதாவது அட்சரத்துக்கு நான்கு ஸ்வரமாகப் பாடினால் ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லிசெகண்ட். ஆசிரியர் பாடி, மாணவர் அதோடு சேர்ந்து பாடுவது ஆசிரியர் காதுக்கு எட்டுவதற்குள் 300 ஆகிவிடும். ஒரு ஸ்வரத்துக்கு மேல் பின்தங்கியே கேட்கும். மாணவர் சரியாகத்தான் பாடுகிறார், அவரைத் திட்டாதீர்கள். சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, ஆசிரியர் பாடி முடித்த பின் மாணவர் பாடட்டும். தாளத்தையும் பாடுபவரே தன் கையில் போடட்டும். அப்போது ஆசிரியர் மியூட்டில் இருப்பது நல்லது. நிறுத்தச் சொல்ல உள்ளங்கையை கேமராவுக்குக் காட்டுவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சுருதி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் தாளம் இல்லாததால் தாமதம் கெடுக்காது. மாணவர் பக்கம் வேறொரு போனில் தம்புரா செயலியை ஓடவிட்டால் குரலும் சுருதியும் ஒரே மைக்கில் சேர்ந்து வரும், எங்கே விலகுகிறது என்று ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரியும். அந்நேரம் ஆசிரியர் தன் பக்கச் சுருதியை நிறுத்திவிட வேண்டும். இரண்டு சுருதிகள் கலந்தால் எது யாருடையது என்றே தெரியாது.

ஒலி உடைந்து உடைந்து வந்தால் செட்டிங்ஸில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பகுதியில் ஆடியோ வரியைப் பாருங்கள். பாக்கெட் இழப்பு (வழியில் தொலையும் ஒலித் துண்டுகள்) 2 சதவீதத்தையோ ஜிட்டர் (அவை வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 40 மில்லிசெகண்டையோ தாண்டினால் வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து நேரே கேபிள் இழுங்கள். எண்கள் சரியாக இருந்தும் ஒலி உடைந்தால், மைக் அளவு சிவப்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தார ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’) முழுக்குரலில் பாடி, சிவப்புக்குக் கீழேயே நிற்கும்படி அளவைக் குறைத்து வையுங்கள்.