மூன்று வருட வீடியோ எடிட்டிங்: எனக்குக் கைகொடுத்த ட்யூட்டோரியல்கள்

2023 தைப்பூசம் முடிந்த மறுநாள் என் மேசையில் மூன்று போன்கள் இருந்தன. என்னுடையது, அக்காவுடையது, அக்கா மகனுடையது. மூன்றிலும் சேர்த்து நாலு மணி நேரத்துக்கு மேல் வீடியோ: இங்கே மொரிஷியஸில் காத்ர் போர்ன் ஊர்த் தெருக்களில் போன காவடி ஊர்வலம், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயில் படிகள், அப்புறம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அம்மாவால் அந்த வருடம் படி ஏற முடியவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி பதினைந்து நிமிடத்தில் ஒரு படம் செய்து தர வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எடிட்டிங் கற்க உட்கார்ந்தேன்.

முதலில் இறக்கியது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. பணம் கட்டாமலே, வாட்டர்மார்க் இல்லாமல் 4கே வரை எக்ஸ்போர்ட் செய்ய விடும் என்பதால் அதையே எடுத்தேன். திறந்தால் கீழே மீடியா, கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று ஏழு பக்கங்கள். 'புதியவர்களுக்கு' என்று தலைப்பு வைத்த வீடியோக்களில் பாதிக்கு மேல் இந்த ஏழையும் வரிசையாகச் சுற்றிக் காட்டும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பார்த்து முடித்த பிறகும் என் மூன்று போன் கிளிப்புகளை எங்கே போட்டு எங்கிருந்து வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டுவது வேறு, அடுப்படியில் கூடவே நின்று ஒரு கறி வைக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. ஆறு வாரம் இப்படியே போனது.

திருப்பம் ஒரு புத்தகத்தில் வந்தது. ரிசால்வ் செய்யும் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனமே தன் இணையதளத்தின் பயிற்சிப் பக்கத்தில் தொடக்கநிலை வழிகாட்டியை பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகிறது. கூடவே பாடத்துக்கான வீடியோ கோப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம். இதன் அருமை செய்து பார்த்தால்தான் புரியும். புத்தகத்தில் இருக்கிற அதே கிளிப் என் திரையிலும் இருந்தது. 'இந்த இடத்தில் வெட்டு' என்றால் நானும் அந்த இடத்திலேயே வெட்டினேன். தப்பாகப் போனால் உடனே கண்ணில் பட்டது. வீடியோவைப் பாதியில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி ஓட்டிப் பார்க்கும் அலுப்பும் இல்லை. நான் வேலை முடிந்து வந்து ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு பாடத்தைச் செய்து முடித்துவிட்டு, மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் அதையே இன்னொரு தடவை செய்தேன். அந்த இரண்டாவது தடவையில்தான் கை பழகியது.

அதிலிருந்து எந்த ட்யூட்டோரியலைத் திறந்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: பழகுவதற்குக் கோப்பு தருகிறார்களா? அடுத்தது பதிப்பு எண். ரிசால்வின் கட் பக்கம் 2019இல், 16ஆம் பதிப்போடு வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் அந்தப் பக்கமே இருக்காது. திரையில் தெரிவதும் உங்கள் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், புதிதாகக் கற்பவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படி நினைத்து இரண்டு ராத்திரி வீணாக்கினேன்.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொரிஷியஸில் வீட்டிலும் தெருவிலும் கிரியோல் பேசுகிறோம், பிரெஞ்சு காதிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில் படித்தோம், தமிழைக் கோயிலிலும் பள்ளியிலும் காப்பாற்றுகிறோம். அதனால் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று மூன்று மொழிப் பாடங்களையும் பார்க்க முடிந்தது. பிரெஞ்சில் 'மோன்தாஜ்' (எடிட்டிங்) என்று தேடினால் நிதானமாக, காரணம் சொல்லிக் கற்றுக்கொடுப்பவர்கள் கிடைத்தார்கள். அவர்களை நம்பி மென்பொருளின் மெனுவையும் பிரெஞ்சுக்கு மாற்றினேன். மாற்றியிருக்கக் கூடாது. மற்ற பாடங்களில் சொல்லும் ஒரு பெயரும் என் திரையில் இல்லாமல் போயிற்று. பாடம் எந்த மொழியில் இருந்தாலும் சரி, மெனு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்து வைத்ததும் பிரெஞ்சுப் பாடம்தான். நாற்பது நிமிட நீளமான ஒரு கிளிப்பில் தவில்காரரின் கை விழுவதும் சத்தம் கேட்பதும் போகப்போக விலகிக்கொண்டே வந்தன. தொடக்கநிலைப் பாடங்கள் எதிலும் இதைப் பற்றிப் பேச்சே இல்லை, ஏனென்றால் அவர்கள் கேமராவில் எடுத்த வீடியோவை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். போன் பெரும்பாலும் மாறும் பிரேம் ரேட்டில், அதாவது வினாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு நிலையாக இல்லாமல், பதிவு செய்கிறது, வெளிச்சம் குறைந்தால் பிரேம் எண்ணிக்கையும் குறையலாம். அதை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்குக் கொண்டுபோனால் தவில் ஒழுங்காக விழுகிறது. போனில் எடுத்ததை எடிட் செய்யப் போகிறவர்களுக்கு முதல் பாடமாகவே இதை வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தமிழ்ப் பாடங்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து நிறைய வருகின்றன. சொல்லும் முறையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிற மாதிரி ஒரு நெருக்கம் இருக்கும். வேகம்தான் அதிகம், 0.75இல் ஓடவிட்டுப் பார்த்தேன். அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒன்று அமெரிக்கப் பாடங்களில் கிடைக்கவில்லை. கோயில் மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் பட்டை பட்டையாக மினுங்கியது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டரை 1/60 வினாடி வைக்கச் சொல்வார்கள். இந்தியாவிலும் இங்கேயும் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று ஒரு தமிழ்ப் பாடத்தில் கேட்டு, அடுத்த வருடக் காவடியை அப்படியே எடுத்தேன். மினுங்கல் நின்றது.

டைட்டில் விஷயத்தில் மட்டும் தமிழ்ப் பாடங்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. யூனிகோடில் அடித்த தமிழ் எழுத்து டைட்டிலில் உடைந்து தெரிந்தால், அதைப் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டச் சொல்கிறார்கள். அழகாகத் தெரிவது உண்மை. ஆனால் பின்னால் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் போனால் பெட்டிக்குள் இருப்பது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து போகாத மென்பொருளைத் தேடித்தான் கேடன்லைவ் பக்கம் போனேன். அதில் யூனிகோடு தமிழ் நேராகவே சரியாக வருகிறது. திறந்த மூல மென்பொருள், என் 8 ஜிபி மடிக்கணினியில் ப்ராக்ஸி (எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் தரம் குறைந்த நகல்) போட்டால் சுமாராக ஓடுகிறது. அதன் கையேட்டிலேயே தொடக்கப் பாடம் இருக்கிறது. எளிமையானதுதான், ஆனால் கிளிப் சேர்ப்பதில் தொடங்கி ரெண்டர் செய்வதுவரை முழுதாகக் கொண்டுபோகிறது. அது போதும்.

இப்போது புதிய பாடம் தேடும்போது மென்பொருளின் பெயரோடு 'புதியவர்களுக்கு' என்று போடுவதில்லை. செய்ய வேண்டிய வேலையைப் போடுகிறேன்: பின்னணிப் பாட்டைப் பேச்சு வரும்போது குறைப்பது, இரண்டு போன் வீடியோவை ஒரே ஒலியில் பொருத்துவது. அப்படித் தேடினால் ஐந்து நிமிடப் பாடம் வரும், அன்றைக்கே கைக்கு உதவும்.

போன மாதம் அக்கா மகன் வந்தான். பாட்டி ஏழு கறி சமைப்பதைப் படம் பிடித்திருக்கிறான்.

"மாமா, நானும் எடிட்டிங் கத்துக்கணும். எந்த வீடியோ பார்க்கட்டும்?"

வீடியோ எதையும் சொல்லவில்லை. பயிற்சிக் கோப்புகளோடு அந்தப் பிடிஎஃப்பை அவன் கணினியில் ஏற்றிக் கொடுத்து, மூன்றாம் பாடம் முடிந்ததும் பாட்டியின் கிளிப்போடு வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரண்டாம் பாடத்தில் இருந்தான்.