அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பும் 'முழு பேக்கேஜ்': முதல் பாதிக்கு மட்டும் காசு கொடுங்கள்

ஸ்குவாஷ், நீச்சல், ஓட்டம் என்று ஆடும் நம் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜென்சிகள் கோலாலம்பூரில் இப்போது ஒரே கட்டாக இரண்டு சேவைகளை விற்கின்றன. ஒன்று, கல்லூரிச் சேர்க்கை. மற்றொன்று 'என்.ஐ.எல்.', அதாவது பிள்ளையின் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிப்பது. இங்கே எடுத்துக்கொண்ட பேக்கேஜ் 9,500 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் நான்கு ஆண்டுக்கு விளம்பர வருமானத்தில் 20 விழுக்காடு கமிஷன்.

சேர்க்கை வேலை சுத்தம். எஸ்.பி.எம். தேர்வு முடிவு, பள்ளி மதிப்பெண், தகுதிப் பதிவு எல்லாம் வரிசையாக நடக்கிறது. ஸ்குவாஷுக்கு வெட்டி ஒட்டிய வீடியோ எடுப்பதில்லை. பின்சுவருக்கு மேலே கேமராவை வைத்து முழு ஆட்டத்தையும் வெட்டாமல் அனுப்புகிறார்கள். தோற்ற புள்ளியில் பிள்ளை எப்படி நகர்கிறது என்பதைத்தான் பயிற்றுநர் பார்க்க வேண்டும். ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லி, பெற்றோரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் இ.ஏ. படிவத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் படித்த கார்னெல் அந்த எட்டு ஐவி லீக் கல்லூரிகளில் ஒன்று. பல ஏஜென்சிகள் மழுப்பும் இடம் இது, இவர்கள் மழுப்பவில்லை.

கோளாறு இரண்டாம் பாகத்தில்.

மாணவர் தன் பெயரில் சம்பாதிக்கலாமா என்ற சண்டை அமெரிக்காவில் முடிந்த கதை. 2019இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. 2021 ஜூலை 1 முதல் அங்கே கல்லூரி விளையாட்டுகளின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வும் வழிவிட்டது. சம்பாதிக்கத்தான் வேண்டும், அரங்கத்தை நிரப்புகிறவனுக்கு அதில் பங்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? மாணவ வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசப்படி, 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி 20.5 மில்லியன் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஆனது. ஏஜென்சியின் விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இந்தத் தொகைதான். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஐவி லீக் இந்தத் திட்டத்தில் சேரவே இல்லை. கல்லூரி ஸ்குவாஷின் தேசியப் போட்டியை நடத்துவதும் என்.சி.ஏ.ஏ. அல்ல. விளம்பரத்தாளில் இவை எதுவும் இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை விசா. நம் பிள்ளை போவது எஃப்-1 என்ற மாணவர் விசாவில். அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்தால் மாணவர் தகுதியே பறிபோகும். கடைத் திறப்புக்குப் போய் நிற்பது, விளம்பரத்துக்கு நடிப்பது, காசு வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவது எல்லாமே வேலையாகக் கருதப்படலாம். பணத்துக்குப் பதில் காலணி வாங்கினாலும் அது ஊதியம்தான். கென்டக்கியின் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் சீப்வே காங்கோக்காரர். 2022 ஆகஸ்டில் அணி அமெரிக்காவுக்கு வெளியே பஹாமாஸ் போனபோதுதான் தன் விளம்பர வேலைகளைச் செய்தார். நம்மவர்களுக்கு அந்தப் பஹாமாஸ் கே.எல்.தான்.

செய்ய வேண்டிய முறை இது. ஒப்பந்தம், படப்பிடிப்பு, குரல்பதிவு மூன்றையும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான விடுமுறையில் இங்கேயே முடியுங்கள். பணம் மலேசியக் கணக்குக்கு வரட்டும். இங்கே செய்த வேலைக்கான வருமானம் என்பதால் வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என்.னுக்குக் கணக்குக் காட்டுங்கள். போர்டிங் பாஸ், இன்வாய்ஸ், படப்பிடிப்புத் தேதி எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுக் கல்லூரி என்றால் 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாளுக்குள், இவற்றைச் சரிபார்க்கும் 'என்.ஐ.எல். கோ' தளத்தில் பதிய வேண்டும். கையெழுத்துக்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். பயிற்றுநர் வாய்மொழியாகச் சொன்ன 'பிரச்சினை இல்லை' குடிநுழைவு அதிகாரியிடம் செல்லாது.

இந்தப் பேக்கேஜின் மாதிரி அட்டவணையோ தீபாவளி வாரத்தில் பிள்ளை ஒரு புடவைக்கடைக்காகத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து நேரலை வர வேண்டும் என்கிறது. அக்டோபர், நவம்பரில் பிள்ளை இருப்பது அமெரிக்காவில்! ஜூலையிலேயே பட்டு ஜிப்பா போட்டு எடுத்து, புடவைக்கடை தன் பக்கத்தில் வெளியிட்டால் சிக்கல் குறைவு. அட்டவணை தயாரித்தவருக்கு இது தோன்றவில்லை.

உடலுழைப்பு இல்லாத ராயல்டி, அதாவது ஜெர்சி விற்பனைப் பங்கு போன்றவை, ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. ஆனால் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான வரி ஒப்பந்தம் இல்லை. எனவே 1,000 டாலர் ராயல்டியில் பொதுவாக 300 அங்கேயே பிடிபடும். மிச்சம் 700. ஏஜென்சி தன் 20 விழுக்காட்டை 1,000த்தின் மேல் கணக்கிடுகிறது. பிள்ளைக்குக் கிடைப்பது 500.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் திருத்த வேண்டிய வாசகங்கள் இரண்டு. 'படங்களை ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகும் பயன்படுத்தலாம்' என்ற வாசகத்தில் ஆறு மாதம் என்று எல்லை வையுங்கள். 'கமிஷன் எல்லா வருமானத்துக்கும்' என்பதை 'ஏஜென்சி கொண்டுவந்த ஒப்பந்தங்களுக்கு மட்டும், வரி போக மீதியில்' என்று மாற்றுங்கள். 18 வயது ஆகாத பிள்ளையின் கையெழுத்து நம் சட்டத்தில் செல்லாது. அதனால்தான் பெற்றோரையும் ஒரு தரப்பாகப் போடச் சொல்கிறார்கள். போட்டால் கடப்பாடு உங்கள் தலையில்.

சேர்க்கைக்கு நான்கு நட்சத்திரம், என்.ஐ.எல். பாகத்துக்கு ஒன்று. இரண்டையும் பிரித்துத் தர முடியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். சேர்க்கைக்கு மட்டும் விலை எழுதித் தரச் சொல்லி உட்காருங்கள். தராவிட்டால் கிளம்பிவிடலாம், இதே சேர்க்கை வேலையைச் செய்ய ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.