மிக்-21க்கு நம்பர் பிளேட் கடையில் மாஸ்க் வெட்டினேன்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விமான மாடலுக்கு ரவுண்டெல் (விமானப்படையின் வட்டச் சின்னம்), வால் பட்டை, பெரிய எண்கள் இதற்கெல்லாம் மாஸ்க், அதாவது பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டுகிற தாள், வேண்டுமென்றால் சில்லவுட், கிரிகட் என்று ஆயிரக்கணக்கில் கொட்டி வீட்டுக்குக் கட்டிங் மெஷின் வாங்க வேண்டியதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் பைக்குக்கு ஸ்டிக்கரும் நம்பர் பிளேட்டும் போடுகிற ஒரு சின்னக் கடையில் 150 ரூபாய்க்கு வேலை முடிந்தது, அதுவும் நான் நினைத்ததைவிட சுத்தமாக. கேனோபிக்கு (விமானி தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி மூடி) மட்டும் அங்கே போகாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கடை பெயரைக் கேட்காதீர்கள், போர்டு பாதி உரிந்துபோய் ‘ரேடியம்’ என்ற ஒரு சொல்தான் மிச்சம் இருக்கிறது. மவுண்ட் ரோடு முனையிலிருந்து உள்ளே நடந்தால் மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் இருக்கும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள் இல்லையா, 1963-ல் நம் படைக்கு வந்த விமானம், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து பறந்துகொண்டிருந்தது, அன்று ராத்திரிதான் பரணிலிருந்து எட்வார்ட் கம்பெனியின் 1:48 (அசலில் 48-ல் ஒரு பங்கு) மிக்-21 பிஸ் கிட்டை இறக்கினேன். கிட் நன்றாகத்தான் இருந்தது. இந்தியச் சின்னங்களுக்காக எப்போதோ தனியாக வாங்கி வைத்திருந்த, தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டிகால் ஷீட்தான் பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் வெளுக்கும் என்பார்கள். காட்டினேன், வெளுக்கவும் செய்தது, தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாக உடைந்தது. சரி, பெயின்டிலேயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளியே காவி, நடுவில் வெள்ளை வளையம், உள்ளே பச்சைப் பொட்டு, இதை அடிக்க என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். வித்தைதான்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கி வந்தேன். அவர்கள் போட்டது வண்டிக்கு ஒட்டுகிற சாதாரண வினைல். அந்தப் பசை மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று செய்யப்பட்டது, நமக்கு வேண்டியதோ அரை நாள் பிடித்துவிட்டுப் பேசாமல் விட்டுப்போகிற பசை. உரித்தபோது சாம்பல் பெயின்ட், அதற்குக் கீழே பிரைமர், எல்லாம் சேர்ந்து வினைலோடு வந்துவிட்டது, இறக்கையில் வெறும் பிளாஸ்டிக் பல்லிளித்தது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதைத்தான் வெட்டிக் கொடுத்தார், எதில் வெட்ட வேண்டும் என்று சொல்லாதது என் தப்பு. ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையில் நாலு தடவை ஒட்டி ஒட்டி எடுத்தால் பசையின் வீரியம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வினைலுக்கு அது போதாது.

அதனால் ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது பொருளை நானே கொண்டு போனேன். இரண்டு வகை. ஒன்று ஓராமாஸ்க் 813, ஸ்டென்சிலுக்கென்றே செய்த, கண்ணாடி போல ஊடே தெரிகிற நீலப் படலம், இதன் பசை மென்மையானது, எடுத்து மறுபடி ஒட்டலாம். இன்னொன்று டாமியாவின் மஞ்சள் மாஸ்கிங் ஷீட், ஒரு மி.மீ. கட்டம் போட்டது, அவர்கள் டேப் எந்தக் காகிதமோ கிட்டத்தட்ட அதே ரகம். ஷீட்டை நீட்டியதும் கடைக்கார பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த வண்டிக்கு சார் இது?”

“மிக்-21, பாய்.”

“ஆர்.சி. புக் இருக்கா?”

சிரிக்காமல் கேட்டார். அப்போதே பிடித்துப்போயிற்று.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. பாயின் பிளாட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி கத்தியால் வெட்டுகிற மெஷின், அதன் உருளைகள் இரண்டடி அகல ரோலைப் பிடிப்பதற்கானவை, என் கையகல ஷீட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாய் ஒரு கழிவு வினைல் துண்டை விரித்து, அதன் மேல் என் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மொத்தமாக மெஷினுக்குள் விட்டார். கத்தியின் அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார். ஓரத்தில் ஒரு குட்டிச் சதுரம் வெட்டிப் பார்த்து, ஊசியால் நிமிண்டி, “அடித்தாள்ல கோடு விழுது, இன்னும் கொறைக்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டினார். இப்படி மூன்று சதுரம். மேலே இருக்கிற மாஸ்க் அறுபட வேண்டும், கீழே இருக்கிற தாளில் கோடுகூட விழக்கூடாது. அந்தப் பக்குவம் பார்க்கிற பொறுமைக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெட்டில் ஒரு குறை. வால் பட்டையின் மூலைகள் மழுங்கியிருந்தன, வட்டங்கள் தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் ஒரு மயிரிழை சேராமல் நின்றது. பிளாட்டர் கத்தி பேனா மாதிரி இல்லை, அதன் நுனி அச்சுக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும், அந்த இடைவெளியைக் கணக்கில் சரியாகப் போடாவிட்டால் மூலையெல்லாம் உருண்டுவிடும். நம்பர் பிளேட்டில் இது யார் கண்ணுக்கும் தெரியாது, அரை அங்குல ரவுண்டெல்லில் பளிச்சென்று தெரியும். சொன்னதும் முகம் சுளிக்காமல் அளவை மாற்றி, கத்தியையும் புதிதாகப் போட்டு மறுபடி வெட்டிக் கொடுத்தார். இரண்டாவது வெட்டுக்குக் காசு வாங்கவில்லை.

ஃபைல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்.வி.ஜி.யாகக் கொண்டு போயிருந்தேன், அவரிடம் இருப்பது பழைய கோரல் டிரா. திறந்தது, ஆனால் அளவு மாறிப்போயிருந்தது. நல்லவேளையாக ரவுண்டெல்லுக்குப் பக்கத்தில் சரியாக 10 மி.மீ.யில் ஒரு கோடு வரைந்து வைத்திருந்தேன், அதை வைத்துத் திரையிலேயே சரிசெய்துவிட்டோம். நீங்களும் ஒரு கோடு போட்டுக்கொண்டு போங்கள். கணக்கு சுலபம்தான்: அசல் விமானத்தில் 24 அங்குலம் இருக்கிற வட்டம் 1:48-ல் 12.7 மி.மீ.

இப்போது ரவுண்டெல். சாதாரணமாகச் செய்கிற தப்பு, பெரிய வட்டம், நடு வட்டம், சின்ன வட்டம் என்று மூன்று மாஸ்க்கைத் தனித்தனியாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்டுவது. என்ன செய்தாலும் மையம் தப்பும், பச்சைப் பொட்டு மாறுகண் மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். அதற்குப் பதிலாக எல்லாக் கோடுகளையும் ஒரே ஷீட்டில் ஒரே ஓட்டத்தில் வெட்ட வேண்டும்: வெளிச்சட்டம், காவி வளையம், வெள்ளை வளையம், பச்சைப் பொட்டு. சாம்பல் அடித்துக் காய்ந்த இறக்கையில் மொத்தத்தையும் அப்படியே ஒட்டி, சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துப் பத்திரப்படுத்தி, ஓட்டை முழுக்க வெள்ளை அடித்தேன். மறுநாள் வளையங்களைத் திரும்ப உள்ளே வைத்தேன். காவி வளையம் சட்டத்துக்குள் உட்கார்ந்தது, அதற்குள் வெள்ளை, அதற்குள் பொட்டு, அடுக்குச் சம்படம் போல ஒன்றுக்குள் ஒன்று. எல்லாம் ஒரே கத்தி வெட்டிய கோடு என்பதால் தப்பாக வைக்கவே முடியாது. அப்புறம் காவி வளையத்தை மட்டும் தூக்கிவிட்டுக் காவி, அது காய்ந்ததும் வளையத்தைத் திருப்பி வைத்து, பொட்டைத் தூக்கிவிட்டுப் பச்சை. கடைசியில் ஊசி நுனியால் வெள்ளை வளையத்தைக் கிளப்பியபோது நான் மூச்சுகூட விடவில்லை. மூன்று நிறமும் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி நின்றது. பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன், “சின்ன சைஸ் கேரம் போர்டு மாதிரி இருக்கு” என்றாள்.

இறக்கையில் ஓராமாஸ்க் அருமை. உடம்புப் பகுதியில் அது சரிவரவில்லை. வினைலுக்கு ஒரு பக்க வளைவு பழகும், இரண்டு பக்கமும் வளைகிற இடத்தில் ஒட்டினால் முதலில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடித்துவிட்டு, நீங்கள் பெயின்ட் கலக்கித் திரும்புவதற்குள் ஓரம் மெல்ல எழும்பி நிற்கும். அங்கே காகித ஷீட்தான். மெல்லியது, படியும், ஓரத்தில் பெயின்ட் வரப்பு கட்டுவதும் குறைவு.

சின்ன எழுத்துக்களை பிளாட்டரிடம் எதிர்பார்க்காதீர்கள். 8 அங்குல உயர எழுத்து 1:48-ல் 4.2 மி.மீ., 1:72 என்றால் 2.8 மி.மீ. நாலு மி.மீ.யில் ‘C’ ஒழுங்காக வந்தது, ‘8’-ன் நடுவில் இருக்கிற இரண்டு குட்டித் துண்டுகளும் கத்தியோடே போய்விட்டன. அதற்கெல்லாம் டிகால்தான், வீம்பு வேண்டாம்.

கேனோபிக்கு வருகிறேன். எட்வார்டின் புரோஃபிபேக் என்கிற வகைப் பெட்டியிலேயே வெட்டிய கேனோபி மாஸ்க் வரும், அதே மஞ்சள் மாஸ்கிங் காகிதம். வளைந்த கண்ணாடிக்கு அவர்கள் ஓரக்கீற்றுகள் மட்டும்தான் தருவார்கள், நடுவை நாம் திரவ மாஸ்க்கோ டேப் துண்டோ போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பாதி காணோம் என்று நினைப்பார்கள், நானும் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறேன். இதையே ஸ்கேன் செய்து பாயிடம் வெட்டினால் மிச்சமாகுமே என்று பேராசையில் ஒரு தடவை முயன்றேன். தட்டையான ஸ்கேனும் வளைந்த கண்ணாடியும் எங்கே ஒத்துப்போகும், சட்டத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் அரை மி.மீ. இடைவெளி. அதுதான் போகாதீர்கள் என்றேன். பெட்டியில் மாஸ்க் வராத கிட் என்றால் கையால் வெட்டுவதே மேல்: டேப்பை ஒட்டி, பல் குத்தும் குச்சியால் சட்டத்தின் ஓரமெல்லாம் தேய்த்தால் கோடு தெளிவாகத் தெரியும், மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, 11-ம் நம்பர் பிளேடால் எடையே கொடுக்காமல் இழுக்க வேண்டும். ஹாபி கடை பிளேடுக்குப் பதில் நான் பார்க் டவுன் பக்கம் சர்ஜிக்கல் கடையில் 11-ம் நம்பரும், அது பொருந்துகிற 3-ம் நம்பர் கைப்பிடியும் வாங்குகிறேன். ஒரு கேனோபிக்கு இரண்டு பிளேடு போகும், கஞ்சத்தனம் பார்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும் ஓரத்தில் பெயின்ட் கசிகிறது என்று நண்பர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். மாஸ்க் ஒட்டியதும் முதலில் கீழே இருக்கிற அதே நிறத்தையோ நிறமில்லாத கிளியரையோ மெல்லியதாக ஒரு தடவை அடித்துவிடுங்கள், கசிந்தால் அதுதான் கசியும், சந்தும் அடைபட்டுவிடும். பெயின்ட் தெளிக்கிற ஏர்பிரஷ்ஷை ஓரத்தை நோக்கிப் பிடிக்காமல் நேர் மேலிருந்தோ மாஸ்க்கின் பக்கமிருந்தோ பிடியுங்கள். நம் ஊர் ஐப்பசி கார்த்திகையில் பெயின்ட் காய்ந்த மாதிரி தெரியும், காய்ந்திருக்காது, நான் ஒரு ராத்திரி முழுக்க விடுகிறேன். உரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல் மாஸ்க்கை அதன் மேலேயே மடித்து இழுக்க வேண்டும். இன்னொன்று, வெட்டிய ஷீட்டை ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டு எங்காவது சாப்பிடப் போகாதீர்கள். ஒரு மணி நேர வெயிலில் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டு, ஒரு செட் முழுக்க குப்பைக்குப் போனது.

மொத்தச் செலவில் கடைக்காரர் கூலி 150, ஷீட் செலவு நம்முடையது. ஒரு ஷீட்டில் நாலு ரவுண்டெல் செட், இரண்டு வால் பட்டை அடங்கும், அடுக்கி வரைந்துகொண்டு போனால் அதே கூலியில் இரண்டு மாடலுக்கு ஆகும். சாயங்காலம் போனால் நம்பர் பிளேட் கூட்டத்தில் நிற்க வைத்துவிடுவார், காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு மணிக்கு மேல்தான், பாய் தொழுகைக்குப் போயிருப்பார்.